வயிறும் வாடகையும்: கப்பலில் அறை எடுப்பது குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழில் இலக்கணம் இல்லாத பொருள் குறைவு. எழுத்துக்கு உண்டு, சொல்லுக்கு உண்டு, களவுக்கும் கற்புக்கும் உண்டு. கப்பலில் எந்த அறையை எடுப்பது என்பதற்கு மட்டும் ஒரு நூற்பா கிடையாது. காரணம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. கடல் கடந்து போகிறவன் பெண்ணை உடன் அழைத்துப்போகும் வழக்கம் இல்லை என்று பொருளதிகாரம் சொல்லிவிட்டது. தனியாகப் போகிறவனுக்குப் பாய் விரிக்க இடம் கிடைத்தால் போதும். “இதைவிட நல்ல ரூம் இல்லையா?” என்று கேட்க உடன் ஓர் ஆள் வரும்போதுதான் அறை என்பது ஆராய்ச்சிப் பொருளாகிறது.

இந்தக் குறையை இனியும் வளரவிட முடியாது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற சொகுசுக் கப்பல் கிளம்பியது. அடுத்த ஆண்டு ஜூனில் அதுவே அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக் கரையைத் தொட்டுவரத் தொடங்கியது. 1990இல் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் பிரான்சில் பிறந்த கப்பல் அது. மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று, நான்கு இரவு போய்வருவதற்கென்றே கட்டினார்கள். நீளம் 211 மீட்டர், தளங்கள் 11, அறைகள் ஏறத்தாழ 800. இப்படியாக 800 அறைகளைக் காட்டி “ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்கும் நிலை தமிழ்க் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. 800 புடவைகளைப் பிரித்துப் போடச் சொல்லி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, முதலில் எடுத்ததையே வாங்கிவரும் ஆற்றல் நமக்கு உண்டுதான். ஆனால் கப்பலறையைப் பிரித்துப் பார்க்கவோ, வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்க்கவோ வழியில்லை. படத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

படத்தை நம்பி அறை எடுத்தவர்களின் வரலாறு பழையது, பெரும்பாலும் சோகமானது. 1842 ஜனவரியில் சார்லஸ் டிக்கன்ஸ் மனைவியோடு லிவர்பூலிலிருந்து ‘பிரிட்டானியா’ என்ற நீராவிக் கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். லண்டனில் ஏஜென்டின் அலுவலகச் சுவரில் தொங்கிய படத்தில் கப்பலின் உட்புறம் மாளிகைபோல இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் கொண்டுவந்த பெட்டிகளை உள்ளே நுழைக்கவே வழியில்லை. இதுதான் தம் அறை என்று நம்புவதற்கே தம்பதிக்குச் சற்று நேரம் பிடித்தது. திரும்பும்போது அவர் நீராவியே வேண்டாம் என்று பாய்மரக் கப்பலைப் பிடித்து வந்தார். வந்ததும் அந்த அறையைப் பற்றி விரிவாக எழுதித் தீர்த்துக்கொண்டார். வைட் ஆங்கிள் லென்ஸ் பிறப்பதற்கு முன்பே அதன் பயன் உலகில் நிலவியது என்பது இதனால் பெறப்படும்.

ஆய்வின் வசதிக்காக மாம்பலத்தில் ஒரு மாதிரிக் குடும்பம் கற்பித்துக்கொள்ளப்படுகிறது. கணவர் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்; மனைவி; எண்பதைத் தொடும் தாயார். கணவர் தம் ரயில் அறிவைக் கப்பல்மேல் ஏற்றுகிறார்: “அம்மாவுக்கு லோயர் பெர்த், எனக்கு ஜன்னல்.” மனைவி: “என்னங்க, வாழ்க்கையில ஒரு தடவை. பால்கனியே போட்டுடுங்க.” தாயார்: “பாத்ரூம் கிட்டக்க இருக்கான்னு பாருடா.”

இம்மூன்றில் தாயாரின் கொள்கை கேட்பதற்கு முன்பே நிறைவேறிவிட்டது. எல்லா அறைக்கும் உள்ளேயே குளியலறை உண்டு. இன்றைய கப்பலறைகள் தொழிற்சாலையில் குளியலறையோடு முழுதாகச் செய்யப்பட்டு, மேசைக்குள் இழுப்பறையைச் செருகுவதுபோலக் கப்பலுக்குள் செருகப்படுகின்றன. அறையின் அளவைப் பார்க்கிறவர்களுக்கு, குளியலறைக்குப் பக்கத்தில் அறை இருக்கிறது என்று சொல்வதே பொருத்தமாகப் படும். மற்ற இருவரின் கொள்கைகளே ஆய்வுக்குரியவை.

கப்பலறை நான்கு சாதி. சன்னலே இல்லாத உள்ளறை, திறக்க முடியாத கண்ணாடி வைத்த கடல்பார்த்த அறை, நாற்காலி இரண்டு போட இடமுள்ள பால்கனி அறை, கடைசியாக ஸ்யூட். ஸ்யூட்டை எடுக்கக் கூடியவருக்கு ஆராய்ச்சி தேவைப்படாது. ஆகவே அது இங்கே விடப்படுகிறது.

அறையை அடையும் மார்க்கம் குறித்து இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று, தளப்படத்தை விரித்துவைத்து, எண்ணைக் குறித்து, கூடுதல் பணம் கட்டி, “இந்த அறைதான்” என்று பிடித்துக்கொள்வது. மற்றது, வகையை மட்டும் சொல்லிவிட்டு, அறையை நிறுவனமே பார்த்துக் கொடுக்கட்டும் என்று குறைந்த கட்டணத்தில் விட்டுவிடுவது. இதற்கு ‘கேரன்டி கேபின்’ என்று பெயர். வைணவம் அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி வடகலை. தாய் கவ்விய இடத்துக்குப் பேசாமல் போகும் பூனைக் குட்டி தென்கலை. கேரன்டி கேபின் எடுத்தவர் பூனைக் குட்டி. நிறுவனம் மனம் இரங்கினால் சொன்ன வகைக்கு மேலேயே ஓர் அறை அருளப்படும். இல்லையேல் அதே வகையில் நடனக் கூடத்துக்கு நேர்மேலே ஓரறை. சரணாகதி செய்தவர் பிறகு புகார் சொல்வது சம்பிரதாயம் அல்ல. முதல் பயணத்தில், அதுவும் தாயாரை அழைத்துக்கொண்டு போகையில், குரங்குக் குட்டியாக இருப்பதே நலம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

மூன்றாவது மார்க்கமும் ஒன்று உண்டு. 1893 ஏப்ரலில் பம்பாயிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கிளம்பிய இளம் வழக்கறிஞர் ஒருவருக்கு முதல் வகுப்பில் இடமில்லை என்று சொல்லப்பட்டது. மொசாம்பிக் கவர்னர் ஜெனரல் பரிவாரத்தோடு அதே கப்பலில் போகிறார். எல்லா இடமும் நிரம்பிவிட்டது. டெக்கில் போக மனமில்லாத வழக்கறிஞர் நேரே கப்பலுக்கே போய்த் தலைமை அதிகாரியிடம் பேசினார். பயணிகளுக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே அந்த அதிகாரி தம் சொந்த அறையில் காலியாக இருந்த ஒரு படுக்கையைக் கொடுத்தார். வழக்கறிஞரின் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. இந்த மார்க்கத்தை இன்று முயல்வோர் துறைமுகக் காவலர்களைத் தாண்டிப் போவது எப்படி என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இனி இயற்பியல். கப்பல் ஆறு விதமாக அசையும் என்று கப்பற்பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். மூன்று நேர் நகர்வுகள், மூன்று திருப்பங்கள். திருப்பங்களை நம் ஊர்க்காரருக்கு எளிதில் விளக்கலாம். மூக்கு மேலும் கீழும் போனால் கப்பல் ‘ஆமாம்’ என்கிறது. மூக்கு இடமும் வலமும் திரும்பினால் ‘மாட்டேன்’. இரு தோளுக்கும் மாறி மாறிச் சாய்ந்தால், வெளிநாட்டார் பொருள் விளங்காமல் திகைக்கிறார்களே, அந்த நம்முடைய ‘சரி சரி’ தலையாட்டல். ‘மாட்டேன்’ வயிற்றை அதிகம் தொடுவதில்லை. ‘ஆமாம்’ ஆபத்து. ‘சரி சரி’யும் ஆபத்து. கூடவே கப்பல் மொத்தமாக அலைமேல் ஏறி இறங்கும் நகர்வு ஒன்று. அதற்கு எந்த அறையிலும் தப்பில்லை.

கிணற்றடி ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு மீதி தானே விளங்கும். மரம் நடுவில் நிற்க, இரு முனைகளும் வானத்துக்கும் கிணற்றுக்கும் போய்வரும். கப்பலும் ஏறக்குறைய நடுவில் நின்றுதான் ‘ஆமாம்’ சொல்கிறது. 211 மீட்டர் கப்பல் ஒரே ஒரு டிகிரி தலையசைத்தால், நடுவிலிருந்து 105 மீட்டர் தள்ளி மூக்கு நுனியில் இருப்பவர் 1.8 மீட்டர், அதாவது ஓர் ஆள் உயரம், தூக்கப்படுகிறார். நடுவிலிருந்து பத்து மீட்டரில் படுத்திருப்பவர் நகர்வது 17 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. 2024 ஜனவரியில் பயணம் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ கப்பலுக்கு நீளம் 365 மீட்டர். அவ்வளவு பெரிய உடம்பு எளிதில் தலையசைக்காது. அசைத்தாலோ, அதே ஒரு டிகிரிக்கு மூக்கு நுனியில் இருப்பவருக்கு மூன்று மீட்டருக்கு மேல், ஒரு மாடி, ஏற்றம் கிடைக்கும். ‘சரி சரி’யின் கணக்கு உயரத்தைப் பொறுத்தது. ஐந்து டிகிரி சாய்வில், சாயும் அச்சுக்கு 25 மீட்டர் மேலே குடியிருப்பவர் இரண்டு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் வீசப்படுவார். ஐந்து மீட்டர் மேலே இருப்பவர் அரை மீட்டருக்கும் குறைவாக.

நம் கரையோரத்தில் படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் சொல்வார்கள். அணியத்து அறையும் அமரத்து அறையும் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டுக்குச் சமம். பின்சக்கரத்துக்கு அப்பால் உட்கார்ந்து வேகத்தடையைச் சந்தித்த எவருக்கும் இதைச் சமன்பாடு எழுதி விளக்க வேண்டியதில்லை.

ஆக, ஆடாத அறை வேண்டுமென்றால் நீளத்தில் நடு, உயரத்தில் கீழ். இந்த அறைகளில் பெரும்பாலானவை உள்ளறைகள் அல்லது வட்டச் சன்னல் அறைகள். விலைப்பட்டியலில் அடியில் கிடப்பவையும் இவையே. உச்சியில் இருப்பவை மேல்தளத்துப் பால்கனிகள், மூக்குமுனைச் சொகுசு அறைகள். இதிலிருந்து கப்பலறை இயலின் முதல் விதி பிறக்கிறது: வாடகை மேலே போகப் போக வயிறும் மேலே வரும்.

நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணக்காரர்கள் வகுத்ததற்குத் தலைவன் பிரிவைக் காரணம் காட்டுவது உரையாசிரியர்களின் வழக்கம். அவர்களில் யாரும் அணியத்து மேல்தளத்தில் பயணம் செய்ததற்குச் சான்று இல்லை. கிரேக்கர்கள் வெளிப்படையானவர்கள். ‘நாசியா’ என்ற ஆங்கில மருத்துவச் சொல்லின் வேர், கப்பலைக் குறிக்கும் ‘நவுஸ்’ என்ற கிரேக்கச் சொல். நோயின் காரணமும் பெயரும் அவர்களுக்கு ஒன்றுதான். உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு “ஆடுகிறோம்” என்கிறது. அறைச் சுவரைப் பார்க்கும் கண் “ஆடவில்லை” என்கிறது. இரண்டு சாட்சிகள் மாற்றிச் சொல்லும்போது நடுவில் மாட்டிக்கொண்ட மூளை வயிற்றின்மீது தீர்ப்பு எழுதிவிடுகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் இரு சாட்சியும் ஒத்துப்போகும். இங்கேதான் பால்கனிப் பள்ளியார் எதிர்வாதம் வைக்கிறார்கள்: உள்ளறையில் தொடுவானம் ஏது? வாதம் வலுவானது, விடையும் உண்டு. தொடுவானம் மேல்தளத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கிடக்கிறது. படுக்கைதான் ஆடக் கூடாது.

அறை எடுப்பதில் வரலாற்றின் மிகப் பெரிய தவறு என்று இத்துறையினர் சுட்டுவது சார்லஸ் டார்வினுடையது. 1831 டிசம்பர் 27ஆம் நாள் கிளம்பிய ‘பீகிள்’ 90 அடி நீளமே உள்ள கப்பல். அவருக்குக் கிடைத்தது அமரத்தில், பின்கோடியில், வரைபட மேசை அடைத்துக்கொண்ட அறை. அதிலும் பங்காளிகள் உண்டு. மேசைக்கு மேலே தூளி கட்டித் தூங்கினார். கால் நீட்ட இடம் போதாமல் அலமாரியின் ஓர் இழுப்பறையைக் கழற்றிவிட்டு அந்தப் பொந்துக்குள் பாதங்களை வைத்துக்கொண்டார். 1836 அக்டோபரில் திரும்பும்வரை குமட்டல் அவரை விடவில்லை. மோசமான நாட்களில் உலர்திராட்சைதான் உணவு. அந்த ஐந்தாண்டில் பெரும்பகுதியை அவர் தரையில் கழித்தார். ஆமைகளையும் குருவிகளையும் அத்தனை பொறுமையாகப் பார்த்ததற்கு அறிவியல் ஆர்வம் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. மறுபடி அந்த அறைக்குப் போக வேண்டுமே என்பது இன்னொன்று. நடுக்கப்பலில் நல்ல அறை கிடைத்திருந்தால் பரிணாமக் கொள்கையின் கதி என்னவாகியிருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

அமரத்து அறை அன்று அவமானமல்ல, மரியாதை. பாய்மரக் காலத்தில் காற்று பின்னாலிருந்து வரும், முன்பக்கம் அலைநீர் தெளிக்கும், சுக்கானும் பின்னால். கேப்டனின் பெரிய அறை அமரத்தில்தான். நீராவி வந்து, அதே அமரத்துக்கு அடியில் திருகுவிசிறி சுழலத் தொடங்கிய பிறகும் பணக்காரர்களைப் பழைய மரியாதை கருதி அங்கேயே வைத்திருந்தார்கள். அவர்களும் அதிர்ந்துகொண்டே மரியாதையை அனுபவித்தார்கள். 1871இல் ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் ‘ஓஷியானிக்’ முதல் வகுப்பை நடுக்கப்பலுக்குக் கொண்டுவந்தது. உடனே நியாயம் நிலைபெற்றது: காசு உள்ளவருக்கு நடு, இல்லாதவருக்கு இரு முனை. ‘டைட்டானிக்’ கப்பலிலும் இதே ஏற்பாடு. விலை உயர்ந்த அறைகள் நடுவில், மூன்றாம் வகுப்பில் தனி ஆண்கள் மூக்கில், குடும்பங்கள் வாலில். வாடகையும் வயிறும் ஒத்துப்போன பொற்காலம் அது.

கெடுத்தது சன்னல். 1984இல் ‘ராயல் பிரின்சஸ்’ எல்லா அறையும் கடல்பார்த்தவை என்ற பெருமையோடு வந்தது. பல அறைகளுக்குப் பால்கனியும் உண்டு. அன்றிலிருந்து மதிப்பு மேலே ஏறத் தொடங்கியது. இன்றைய பெரிய கப்பலைத் தூரத்தில் பார்த்தால் பழைய மகாபலிபுரம் சாலையில் நிற்கவேண்டிய அடுக்ககம் வழிதவறிக் கடலுக்குள் இறங்கியதுபோல இருக்கிறது. உள்ளே மிஞ்சிய அறைகளுக்கு என்ன செய்வது? 1999இல் ‘வாயேஜர் ஆஃப் த சீஸ்’ கப்பலில் உள்ளறைகளில் சிலவற்றுக்குக் கப்பலுக்குள்ளேயே இருக்கும் கடைத்தெருவைப் பார்த்துச் சன்னல் வைத்தார்கள். கடலுக்கு நடுவில் ரங்கநாதன் தெருவைப் பார்த்தபடி படுத்திருக்கலாம். 2011இல் ‘டிஸ்னி ட்ரீம்’ உள்ளறைகளில் பொய் வட்டச் சன்னல் வந்தது. வெளியே கேமரா பிடிப்பது உள்ளே திரையில் தெரியும். நடுநடுவே கார்ட்டூன் மீன் ஒன்றும் நீந்திப் போகும். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ‘நேவிகேட்டர் ஆஃப் த சீஸ்’ உள்ளறைகளில் 80 அங்குலத் திரை, ‘மெய்நிகர் பால்கனி’ என்ற பெயரில். மாயாவாதம் பேசிய சங்கரர் மகிழ்ந்திருப்பார். இவை எதுவும் இல்லாத கப்பலிலும் பெரும்பாலும் அறை டிவியில் கப்பலின் மூக்குக் கேமரா ஓடும் சேனல் ஒன்று உண்டு. இரவு அதைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் படுத்தால் விடிந்தது தெரியும். இல்லாவிட்டால் உள்ளறையின் இருட்டு பூரண இருட்டு. மதியம் இரண்டு மணிக்கு எழுந்து காலை டிபனுக்குப் போனவர்களை மேல்தளத்துப் பஃபேயில் காணலாம்.

உண்மைச் சன்னலிலும் ஏமாற்று உண்டு. கொஞ்சம் மலிவாக ஒரு கடல்பார்த்த அறை கிடைத்தால் அதன் முன்னால் ஆரஞ்சு நிறத்தில் உயிர்காப்புப் படகு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும் என்று கொள்க. கடலைப் பார்க்கப் பணம் கட்டியவர், கப்பல் மூழ்கினால் எதில் ஏறுவது என்பதையே பயணம் முழுக்கப் பார்த்துக்கொண்டு வருவார். நடைபாதைத் தளத்துச் சன்னல் வேறொரு வகை. அதில் கடலும் தெரியும். காலை ஆறு மணிக்கு ஓட வருகிறவர்களும் தெரிவார்கள். அவர்களுக்கும் இவர் தெரிவார்.

ஒலி குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. ரயிலில் பக்கத்து பெர்த்தை மட்டும் பார்த்தால் போதும். கப்பலில் மேலும் கீழும் பார்க்க வேண்டும். மேல்வீட்டு அம்மிக்கல்லோடு வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர்கீழே அறை எடுத்தால், அதிகாலையில் சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசைப்படுத்தும் ஓசை தலைக்கு மேலே கேட்கும். நாடக அரங்குக்கும் நடனக் கூடத்துக்கும் மேலே எடுத்தால் நள்ளிரவு வரை தாளம் கட்டில் வழியாக ஏறிவரும். மூக்கில் கீழே எடுத்தால், விடியற்காலை துறைமுகத்துக்குள் நுழையும்போது கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் முன்விசிறிகள் உறுமும். நங்கூரச் சங்கிலி இறங்கினால் எழுப்பிவிட அலாரம் வேண்டாம். தளப்படத்தில் எதுவும் எழுதாத வெள்ளை இடங்கள் உண்டு. அங்கேதான் சமையல் வண்டிகளும் சலவை இயந்திரங்களும் பணியாளர் கதவுகளும் இருக்கும். இரண்டு அறைகளுக்கு நடுவே உட்கதவு வைத்த அறை, பேரக்குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வரம். மற்றவர்களுக்கு, முன்பின் தெரியாத ஒருவரின் குறட்டையோடு ஏற்படும் உறவு. மேலே அறை, கீழே அறை, இருபக்கமும் அறை, நடுவில் நாம் என்று அமைவதே உத்தமம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் இங்கே நாலு பார்த்தால் போதும்.

தனியாகப் போகிறவர்களின் துயரம் வேறு. அறைக்கு விலை இருவருக்கென்று போடுவதால் ஒருவரே ஏறத்தாழ இருவர் பணம் கட்டுவார். 2010இல் ‘நார்வீஜியன் எபிக்’ கப்பலில் தனியர்களுக்கென்று 128 குட்டி அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 100 சதுர அடியில், அமைக்கப்பட்டன. திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தவர்கள் அதை விசாலம் என்பார்கள்.

அறிவு வளர்ச்சிக்கும் அறையின் தரத்துக்கும் தொடர்பு உண்டா? தமிழர் சான்றுகள் தெளிவாகவே உள்ளன. 1914 மார்ச் 17ஆம் நாள் ‘நெவாசா’ கப்பலில் சென்னையிலிருந்து கிளம்பிய ராமானுஜனுக்கு முதல் சில நாட்கள் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கணிதத்துக்கு அதனால் பாதகம் இல்லை. 1921இல் ‘நர்குண்டா’வில் இங்கிலாந்திலிருந்து திரும்பிய சி.வி. ராமன், கடல் ஏன் நீலம் என்று படிகப் பட்டகத்தை வைத்துக்கொண்டு டெக்கில் நின்று பார்த்தார். வானத்தின் நிழல்தான் அந்த நீலம் என்ற பழைய விளக்கம் அத்தோடு கவிழ்ந்தது. 1930 ஜூலை இறுதியில் பம்பாயில் ‘பில்ஸ்னா’வில் ஏறிய 19 வயது சந்திரசேகர், போகிற வழியிலேயே வெண்குறு விண்மீன்களின் எடைக்கு ஓர் உச்சவரம்பு கணக்கிட்டுவிட்டார். ராமனுக்கு நோபல் அதே 1930இல், சந்திரசேகருக்கு 1983இல். இவர்கள் எந்த எண் அறையில் தங்கினார்கள் என்று எந்த வரலாற்றாசிரியரும் அக்கறைப்படவில்லை. கப்பலறை இயல் இதுவரை புறக்கணிக்கப்பட்டதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அறையே இல்லாமல் போனவர்களே நம்மவரில் அதிகம். 1926இல் கட்டிய ‘ரஜூலா’ 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. ஆயிரக்கணக்கானோர் டெக் பயணிகளாகப் பாயும் டிரங்குப் பெட்டியும் கொண்டு ஏறினார்கள். பாய் விரித்த இடமே அறை, பெட்டிதான் சுவர். மேலே யார், கீழே யார் என்ற ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. பக்கத்தில் யார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

எண், திசை ஆகியவற்றை விட்டுவிட்டால் தமிழ் வாசகர் ஆய்வை ஏற்கமாட்டார். பல கப்பல்களில் 13ஆம் தளம் கிடையாது. 12க்கு மேலே நேராக 14. இத்தாலியருக்கு ஆகாதது 17. அவர்கள் மரபில் வந்த எம்எஸ்சி கப்பல்களில் 13 உண்டு, 17 இல்லை. வண்டி எண்ணைக் கூட்டி எட்டு வந்தால் முகம் சுளிக்கும் நம்மவருக்காக எட்டாம் தளத்தை எடுத்துவிடும் நாள் வருமா என்பது தெரியவில்லை. எட்டுதான் ராசி என்று அதற்காகவே காசு கொடுக்கும் சீனப் பயணிகள் இருக்கும்வரை வராது.

திசை பற்றிய புகழ்பெற்ற கதை ‘போஷ்’. மேட்டுக்குடித்தனத்தைக் குறிக்கும் இந்த ஆங்கிலச் சொல், இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்க அறை, ஊர் திரும்பும்போது வலப்பக்க அறை என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனதாம்; செங்கடல் வெயில் படாத பக்கமாம்; பயணச்சீட்டில் அப்படி முத்திரை குத்துவார்களாம். வெயில் கணக்கு சரிதான். ஆனால் அந்த முத்திரை குத்திய சீட்டு ஒன்றுகூட இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. சொல்லாராய்ச்சியாளர்கள் கதையைத் தள்ளிவிட்டார்கள். ஆயினும் சென்னையிலிருந்து தெற்கே போகும் கப்பலில் இடப்பக்கம் சூரியோதயம், வலப்பக்கம் அஸ்தமனம் என்பது கதையல்ல. காலையில் எழ முடியாதவர்கள் வலப்பக்கம் கேட்டு வாங்கலாம்.

மாதிரிக் குடும்பம் மூன்று வாரம் விவாதித்தது. மனைவி பால்கனியை விட்டுக்கொடுக்கவில்லை. கணவர் ஏற்றக் கணக்கை எழுதிக் காட்டினார். “அந்தப் பணத்துல அம்பாந்தோட்டையில ஊர் சுத்திப் பாக்கலாம்” என்றதும் சமரசம் ஏற்பட்டது. கீழ்த்தளம், நடுக்கப்பல், வட்டச் சன்னல், படகு மறைக்காதது, மேலும் கீழும் அறைகள், லிஃப்டிலிருந்து ஐந்தாவது கதவு. எலக்ட்ரிக் குக்கரையும் இஸ்திரிப் பெட்டியையும் துறைமுகத்திலேயே காவலர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள்; கப்பலில் சூடாகும் எதற்கும் அனுமதி இல்லை. சுவர் இரும்பு என்று யாரோ சொல்லக் கேட்டுக் கணவர் கொண்டுபோன காந்தக் கொக்கிகள் நன்றாக ஒட்டிக்கொண்டன. அதில் தாயாரின் ஜபமாலைப் பை தொங்கியது.

கடல் பயணம் முழுக்கக் குளம்போலக் கிடந்தது. 1950இல் ‘சுசான்’ என்ற பெரிய பயணிக் கப்பலில் தொடங்கி இன்றுவரை மீனுக்குச் செட்டைபோலக் கப்பலின் இருபுறமும் நீளும் நிலைநிறுத்திகளுக்கும் வேலை இல்லை. (அவை ‘சரி சரி’யைத் தணிக்கும், ‘ஆமாம்’ முன் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.) மேல்தளத்து மூக்குமுனையில் அறை எடுத்த தூரத்து உறவினர் ஒருவர் ஒரு நாள்கூட டிபனைத் தவறவிடவில்லை. முதல் விதி சோதிக்கப்படாமலே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் ஆய்வைத் தொடரலாம் என்ற கணவரின் யோசனையை மனைவி காது கொடுத்துக் கேட்கவில்லை.

தாயாரின் ஆராய்ச்சி மட்டும் முழுமையாக நடந்தது. வடக்கே தலை வைக்கக் கூடாது. கட்டில் கப்பலின் நீளவாக்கில், தலைமாடு மூக்கைப் பார்த்து இருந்தது; தெற்கே போகும்வரை தலை தெற்கே, தோஷமில்லை. அம்பாந்தோட்டையைத் தொட்டுவிட்டுக் கப்பல் திரும்பி வடக்கே ஓடத் தொடங்கியதும் அவர் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டுக்கொண்டார். மாலையில் அறையைச் சரிசெய்ய வந்த ஸ்டூவர்ட், பாட்டிக்குத் தெரியவில்லை என்று இரக்கப்பட்டு, அதை எடுத்து மறுபடி தலைமாட்டில் வைத்து, விரிப்பை இழுத்துவிட்டு, மேலே துண்டில் செய்த அன்னப்பறவை ஒன்றையும் உட்காரவைத்தார். இரவு தாயார் மாற்றினார். காலை ஸ்டூவர்ட் மாற்றினார். திருகோணமலையில் ஒருமுறை, காங்கேசன்துறையில் இருமுறை. சென்னையில் இறங்கும் நாள் காலையில் அன்னப்பறவையே கால்மாட்டில் உட்கார்ந்திருந்தது.